சிறு குழந்தைகளுடன் வட ஐரோப்பா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆறு வயது மகளையும் இரண்டு வயது மகனையும் அழைத்துக்கொண்டு நானும் என் கணவரும் ஜூன், ஜூலை மாதங்களில் மூன்று வாரம் டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்து ஆகிய நாடுகளில் ரயிலிலும் கப்பலிலும் பயணம் செய்தோம். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், மகள் மட்டும் இருந்தபோது, நார்வேக்குச் சென்று வந்திருந்தோம். திரும்பியது முதல் உறவினர்களும் நண்பர்களும் விடாமல் கேட்டுவரும் கேள்விகளையே இங்கே தொகுத்திருக்கிறேன். ஏறத்தாழ ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பதில்கள் இவை.

பத்து நாளில் நான்கு தலைநகரங்களையும் பார்த்துவிட முடியுமா?

முடியும். ஆனால் குழந்தைகளை வைத்துக்கொண்டு அப்படிச் செய்யவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாறும் ஒவ்வொரு நாளும் காலையில் அறையைக் காலிசெய்துவிட்டுப் பிற்பகல் மூன்று மணி வரை அடுத்த அறை கிடைக்காமல் காத்திருக்க நேரும். குழந்தையின் பகல் தூக்கம் வருவது சரியாக அந்த இடைவெளியில்தான். பத்து நாளில் மூன்று முறை அப்படி மாறினால், மூன்று நாட்கள் தூக்கம் கெட்ட குழந்தையுடன் நீங்கள் போராடிக்கொண்டிருப்பீர்கள். ஊர் நினைவில் நிற்காது.

வரைபடத்தில் தெரிவதைவிட இந்நாடுகள் மிகவும் நீளமானவை. ஓஸ்லோவிலிருந்து பெர்கன் போவதற்கே ரயிலில் ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஆகும். எனவே இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்வது நல்லது. முதலாவது கடல்வழி: கோபன்ஹேகனில் இறங்கி, ரயிலில் ஸ்டாக்ஹோம் சென்று, அங்கிருந்து இரவுக் கப்பலில் பின்லாந்து சேர்வது. இரண்டாவது மலைவழி: ஓஸ்லோவில் இறங்கி, பெர்கன் ரயில் பாதையில் மலையைக் கடந்து, மலைகளுக்கு நடுவே நீண்டு நுழையும் கடல்நீர்ப் பகுதிகளான ஃபியோர்டுகளைப் பார்ப்பது. முதல் வழிக்குக் குறைந்தது இரண்டு வாரமும், இரண்டாவதற்கு எட்டு அல்லது ஒன்பது நாளும் வேண்டும். ஒவ்வொரு நகரத்திலும் நான்கு இரவாவது தங்கினால்தான் இரண்டாம் நாள் குழந்தை அந்தத் தெருவைத் தன்னுடையதாக எண்ணத் தொடங்கும். மூன்றாம் நாள் விளையாட்டுத் திடலுக்கு அதுவே வழி சொல்லும்.

எந்த மாதம் போகலாம்?

முதல் பயணத்துக்கு ஜூன் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் முதல் வாரம் வரை உள்ள காலமே ஏற்றது. பகல் வெப்பம் பெரும்பாலும் 15 முதல் 25 டிகிரிக்குள் இருக்கும், குழந்தைகளுக்கான திறந்தவெளி இடங்கள் அனைத்தும் திறந்திருக்கும். இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஸ்வீடனிலும் பின்லாந்திலும் ஜூன் 19 முதல் 25 வரையிலான நாட்களுக்குள் வரும் வெள்ளிக்கிழமையன்று நடுக்கோடை விழா தொடங்குகிறது. அன்றும் மறுநாளும் நகரத்து மக்கள் கிராமங்களுக்குச் சென்றுவிடுவதால் கடைகள் பலவும் பூட்டியிருக்கும். அந்த இரண்டு நாளுக்கான பால், ரொட்டி, டயப்பர் ஆகியவற்றை முன்னதாகவே வாங்கி வைத்துவிட வேண்டும்.

இரண்டாவது எச்சரிக்கை, பலரும் கவனிக்காமல் விடுவது: பின்லாந்தில் பள்ளிகள் ஆகஸ்ட் இரண்டாவது வாரத்தை ஒட்டியே திறந்துவிடுகின்றன. அதன்பின் குழந்தைகளுக்கான கோடைக்கால இடங்கள் ஒவ்வொன்றாக நேரத்தைக் குறைத்துக்கொள்ளும், சில மூடியும் விடும். நம் ஊரின் கணக்கில் ஆகஸ்ட் இறுதியைக் கோடை என்று எண்ணி டிக்கெட் எடுத்தவர்கள் பூட்டிய வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார்கள்.

விசாவுக்குக் குழந்தைகளுக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா?

ஆம். கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டும் தனி விண்ணப்பமும் தேவை. டென்மார்க், ஸ்வீடன், நார்வே, பின்லாந்து ஆகிய நான்குமே ஷெங்கன் பகுதியைச் சேர்ந்தவை என்பதால் ஒரே விசா போதும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, ஆறு முதல் பதினொரு வயது வரை 45 யூரோ, ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் இதில் சேராது. பன்னிரண்டு வயது நிறையாதவர்களிடம் விசாவுக்குக் கைரேகை எடுப்பதில்லை. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு ஒவ்வொருவர் பெயரிலும் இருக்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையுடன் போவதானால், மற்றவரின் ஒப்புதல் கடிதமும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் கையில் இருப்பது அவசியம்.

இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்குமாமே, குழந்தை எப்படித் தூங்கும்?

எங்களுக்கு முதல் மூன்று இரவுகள் கடினமாகவே இருந்தன. ஜூன் மாதத்தில் ஸ்டாக்ஹோமில் அதிகாலை மூன்றரை மணிக்கே சூரியன் உதித்துவிடுகிறது. ஹெல்சிங்கியில் அது மறையும்போது இரவு பதினொரு மணி நெருங்கியிருக்கும். "இன்னும் பகல்தானே அம்மா" என்று மகள் கேட்டதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. விடுதி அறைகளில் பெரும்பாலும் தடித்த திரைகள் இருக்கும். வாடகைக் குடியிருப்புகளிலோ மெல்லிய திரை மட்டுமே இருக்கலாம். இரண்டு மீட்டர் கறுப்புத் துணியும் துணி உலர்த்தும் கிளிப்புகளும் எடுத்துச் சென்றால் சன்னலை முழுவதும் மறைத்துவிடலாம். மாலை ஏழு மணிக்கே திரையை இழுத்துவிட்டு, வீட்டில் தூங்குமுன் செய்யும் வழக்கங்களை, பால், பல் துலக்குதல், கதை என்று அதே வரிசையில் செய்தால் நான்காம் நாளில் பழகிவிடுகிறது.

ரயில் பயணம் குழந்தைகளுக்குச் சலிப்பாக இருக்காதா?

இந்தப் பயணத்திலேயே குழந்தைகள் அதிகம் மகிழ்ந்தது ரயிலில்தான். பின்லாந்தின் இரண்டடுக்கு இன்டர்சிட்டி ரயில்களில் மேல்தளத்தில் குழந்தைகளுக்கென்று விளையாட்டிடமும் படப்புத்தகங்களும் உண்டு. நார்வேயின் பெர்கன் பாதை ரயிலிலும் விளையாடும் இடத்துடன் கூடிய குடும்பப் பெட்டி இருக்கிறது. அதற்கான இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், டிக்கெட் விற்பனை தொடங்கியதுமே அந்தப் பெட்டியைக் கேட்டுப் பதிவுசெய்துவிட வேண்டும். இதற்கு நேர்மாறாக, பல ரயில்களில் அமைதிப் பெட்டி என்று ஒன்று இருக்கும். பார்க்காமல் அதில் இடம் பதிவுசெய்துவிட்டால், குழந்தை வாய் திறக்கும்போதெல்லாம் உங்கள் உயிர் போய்வரும்.

கோபன்ஹேகனிலிருந்து ஸ்டாக்ஹோமுக்கு நேரடி ரயிலில் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். விமான நிலையத்தைத் தாண்டியதும் ரயில் கடலுக்கு அடியில் நான்கு கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் இறங்கி, பெபர்ஹோல்ம் என்ற செயற்கைத் தீவில் வெளியே வந்து, ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் நீளமுள்ள ஓரசுண்ட் பாலத்தில் ஏறுகிறது. 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாலம் அது. சுரங்கத்துக்குள் நுழையும்போதே குழந்தையைச் சன்னலோரம் உட்கார வைத்து, "இப்போது நம் தலைக்கு மேலே கப்பல் போகிறது" என்று சொல்லிவிடுங்கள். இருட்டிலிருந்து திடீரென்று நாலாபுறமும் கடல் விரிந்தபோது என் மகன் இரண்டு கைகளாலும் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தான். ஸ்வீடன் பக்கம் எல்லைச் சோதனை நடப்பதுண்டு என்பதால் கடவுச்சீட்டுகளைப் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெர்கன் பாதை 1909இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதன் மிக உயரமான நிலையமான ஃபின்செ 1,222 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே ஜூலையிலும் பனித்திட்டுகளைப் பார்க்கலாம். மிர்டால் நிலையத்தில் இறங்கி ஃப்ளோம் ரயிலில் மாறினால், 20 கிலோமீட்டருக்குள் 860 மீட்டருக்கும் மேல் இறங்கி ஃபியோர்டுக் கரையை அடையலாம். வழியில் ஓர் அருவியின் அருகே ரயில் சில நிமிடம் நிற்கும். தெறிக்கும் நீர் நன்றாக நனைத்துவிடும் என்பதால் இறங்குமுன் குழந்தைக்கு மழைக்கோட்டு போட்டுவிடுங்கள். ஒரே நாளில் ரயில், மலை ரயில், படகு, பேருந்து என்று எல்லாவற்றையும் அடக்கிய சுற்றுலாத் திட்டம் அங்கே மிகவும் பிரபலம். சிறு குழந்தைகளுடன் அதை ஒரு நாளில் முடிக்க முயலாமல் ஃப்ளோமில் ஓர் இரவு தங்குவதே நல்லது.

இரவுக் கப்பலில் கடல்நோய் வருமா? பாதுகாப்பானதா?

ஸ்டாக்ஹோமிலிருந்து பின்லாந்து போகும் கப்பல்கள் பல மணி நேரம் ஆயிரக்கணக்கான சிறு தீவுகளுக்கு இடையே செல்வதால் கோடையில் ஆட்டம் மிகக் குறைவு. டுர்க்கு நகரத்துக்கு ஏறத்தாழ 11 மணி நேரமும், ஹெல்சிங்கிக்கு 16 மணி நேரத்துக்கு மேலும் ஆகும். கப்பலில் விளையாட்டு அறை, மாலையில் குழந்தைகளுக்கான ஆட்டபாட்டம் எல்லாம் உண்டு. குழந்தையைத் தள்ளிச்செல்லும் ஸ்ட்ரோலர் வண்டியைக் கேபினுக்குள் விரித்து வைக்க இடம் இருக்காது என்பதால் மடித்துச் சாத்த வேண்டியிருக்கும். சன்னல் உள்ள கேபினுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், ஆனாலும் கொடுங்கள். தீவுகளும் அவற்றில் தனித்தனியாக நிற்கும் சிவப்பு மரவீடுகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துபோவதைப் படுக்கையில் படுத்தபடி குழந்தை பார்த்துக்கொண்டே இருக்கும். திறந்த மேல்தளத்துக்குப் போகும்போது குழந்தையின் கையை ஒரு நொடிகூட விடக் கூடாது.

பின்லாந்தில் கடிகாரம் ஸ்வீடனைவிட ஒரு மணி நேரம் முன்னே செல்லும். கப்பலின் காலை உணவு எந்த நாட்டு நேரப்படி என்பதை இரவே பார்த்துவிடுங்கள். அதைக் கவனிக்காததால், நாங்கள் போனபோது பரிமாறும் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்ட்ரோலர் எடுத்துப் போகலாமா, அங்கே வாடகைக்கு எடுக்கலாமா?

எடுத்துப் போங்கள். நடைபாதை, பேருந்து, மெட்ரோ, அருங்காட்சியகம் என்று எங்கும் ஸ்ட்ரோலரை மனத்தில் வைத்தே கட்டியிருக்கிறார்கள். பேருந்துகளில் நடுக்கதவு வழியாக ஏற வேண்டும், ஸ்ட்ரோலர் நிறுத்துவதற்கென்றே இடம் இருக்கும். அந்த இடம் நிறைந்துவிட்டால் அடுத்த பேருந்துக்குக் காத்திருப்பதுதான் அங்கத்திய முறை. ஹெல்சிங்கியில், ஸ்ட்ரோலரில் சிறு குழந்தையுடன் வருபவருக்கு நகரப் போக்குவரத்தில் டிக்கெட் தேவையில்லை என்பது நெடுநாளைய வழக்கம். கோபன்ஹேகனில் டிக்கெட் உள்ள ஒரு பெரியவருடன் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட இரண்டு குழந்தைகள் இலவசமாகப் பயணம் செய்யலாம். ஸ்டாக்ஹோமில் ஏழு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை.

சக்கரம் சற்றுப் பெரியதாக இருப்பது முக்கியம். ஸ்டாக்ஹோமின் பழைய நகரப் பகுதியிலும், ஹெல்சிங்கிக்கு எதிரே கடலில் உள்ள சுவோமென்லின்னா கோட்டைத் தீவிலும் தரை முழுவதும் உருண்டைக் கற்கள். விமானத்துக்குள் எடுத்துச் செல்வதற்கென்று விற்கும் குட்டிச் சக்கர ஸ்ட்ரோலர் அங்கே அடிக்கொரு முறை சிக்கிக்கொள்ளும். இத்தகைய இடங்களுக்கு, குழந்தையை மார்போடு அணைத்துக் கட்டிக்கொள்ளும் பையே சிறந்தது.

ஒன்றைப் பார்த்து அதிர்ச்சி அடைய வேண்டாம். உணவகங்களின் வாசலில் குழந்தை தூங்கும் வண்டிகள் தனியாக நின்றுகொண்டிருக்கும், பெற்றோர் உள்ளே காப்பி அருந்திக்கொண்டிருப்பார்கள். குளிர்ந்த வெளிக்காற்றில் குழந்தை நன்றாகத் தூங்கும் என்பது அம்மக்களின் தலைமுறை தலைமுறையான நம்பிக்கை. நாமும் அப்படியே செய்ய வேண்டியதில்லை.

நம் குழந்தைகள் சாப்பிடுவதற்கு என்ன கிடைக்கும்?

சமையலறை உள்ள குடியிருப்பில் தங்குங்கள் என்பதே இதற்கு முதல் பதில். விடுதியானால் காலை உணவு சேர்ந்த அறையாகப் பாருங்கள். முட்டை, கஞ்சி, தயிர், பழம், பலவகை ரொட்டி என்று அதுவே அன்றைய பெரிய சாப்பாடாகிவிடும். ஸ்வீடனிலும் பின்லாந்திலும் வார நாட்களில் பதினொரு மணி முதல் இரண்டு மணி வரை மதிய உணவுக்குத் தனி விலை உண்டு. சாலட், ரொட்டி, பெரும்பாலும் காப்பியும் சேர்த்தே தருவார்கள். அதே உணவகத்தில் இரவுச் சாப்பாட்டுக்கு இரு மடங்கு கொடுக்க நேரலாம். எனவே மதியம் வெளியிலும் இரவு அறையிலும் சாப்பிடுவதாக வைத்துக்கொண்டோம்.

சோறில்லாமல் முடியாது என்ற குழந்தைகளுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. பாலில் குழைய வேகவைத்த அரிசிக் கஞ்சி இந்த நாடுகளின் பாரம்பரிய உணவு. அதற்காகவே குட்டையான, குழைந்து வேகும் அரிசியை எல்லாக் கடைகளிலும் விற்கிறார்கள். ஸ்வீடனில் அதன் பெயர் க்ரோட்ரீஸ். அதே கடையின் பால் அலமாரியில் ஒரு லிட்டர் அட்டைப்பெட்டியில் ஃபில்மியோல்க் என்று ஒன்று இருக்கும். நம் கெட்டி மோருக்கு மிக நெருங்கிய உறவு அது. அந்த அரிசியை நன்றாக வேகவைத்து ஆறவிட்டு, உப்பும் ஃபில்மியோல்க்கும் விட்டுப் பிசைந்தால் என் மகன் மறுபேச்சில்லாமல் சாப்பிட்ட தயிர்சாதம் தயாராகிவிடும். பின்லாந்தில் கரேலியப் பை என்ற பலகாரம் எங்கும் கிடைக்கும். கம்பு போன்ற நிறமுள்ள ரை என்ற தானியத்தின் மாவுத் தட்டில் அரிசிக் கஞ்சியை வைத்துச் சுட்டது அது. இளஞ்சூடாகக் கையில் பிடித்துச் சாப்பிடும் அளவில் இருப்பதால் ரயிலுக்கு மிகவும் ஏற்றது.

மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ உண்ணாதவர்கள், ஸ்வீடனின் புகழ்பெற்ற இறைச்சி உருண்டைகள் பெரும்பாலும் இரண்டும் கலந்தவை என்பதை அறிந்திருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் எங்கும் குடிக்கத் தகுந்தது, பாட்டிலுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். கைக்குழந்தையின் உணவைச் சூடாக்கித் தரச் சொன்னால் உணவகங்களில் முகம் சுளிக்காமல் செய்து தருகிறார்கள்.

ஊரிலிருந்து உணவுப் பொருள்கள் கொண்டு போகலாமா?

பொடி, பருப்பு, அரிசி, அப்பளம் ஆகியவற்றால் சிக்கல் இல்லை. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் இறைச்சியோ பால்பொருள்களோ கொண்டுவரக் கூடாது; நெய்யும் இதில் அடங்கும். குழந்தைகளுக்கான பால்பவுடர், திறக்கும்வரை குளிரில் வைக்கத் தேவையில்லாத, பிரிக்கப்படாத கம்பெனிப் பொதியாக இருந்தால், ஒருவருக்கு இரண்டு கிலோ வரை அனுமதி உண்டு. பச்சைக் காய்கறி, பழங்களுக்குச் சான்றிதழ் வேண்டும் என்பதால் கறிவேப்பிலையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தேங்காய், வாழைப்பழம் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு.

என்ன உடை வேண்டும்?

கோடையிலும் மூன்றடுக்கு வேண்டும்: உள்ளே மெல்லிய கம்பளி, நடுவில் கதகதப்பான மேல்சட்டை, வெளியே நீர் புகாத கோட்டும் பேன்ட்டும். பருத்தி நமக்குப் பழகியது. ஆனால் நனைந்தால் நனைந்தபடியே உடலோடு ஒட்டிக் குளிரேற்றும். கம்பளி ஈரமானாலும் கதகதப்பைத் தரும். எல்லாவற்றையும்விட முக்கியமானவை குழந்தைகளின் மழைப் பேன்ட்டும் ரப்பர் பூட்ஸும். அங்கத்தியக் குழந்தைகள் மழையில் விளையாடுவதை நிறுத்துவதே இல்லை, அதைப் பார்க்கும் உங்கள் குழந்தையும் உள்ளே இருக்கச் சம்மதிக்காது. இவற்றை ஊரில் தேடி அலையாமல், அங்கே போய்ப் பழைய பொருள் விற்கும் கடைகளில் வாங்குவதே மேல். குழந்தைகள் வேகமாக வளர்வதால் அதிகம் பயன்படுத்தப்படாத நல்ல உடைகள் அங்கே மலிவாகக் கிடைக்கும்.

காய்ச்சல் வந்தால் என்ன செய்வது?

நான்கு நாடுகளிலும் அவசர உதவிக்கு 112. நார்வேயில் ஆம்புலன்ஸுக்கு நேரடியாக 113. உயிருக்கு ஆபத்தில்லாத நிலையில் செவிலியரிடம் ஆலோசனை கேட்க ஸ்வீடனில் 1177, கோபன்ஹேகன் பகுதியில் 1813, பின்லாந்தில் 116117 ஆகிய எண்கள் உள்ளன, ஆங்கிலத்திலேயே பேசலாம். சாதாரணக் காய்ச்சலுக்கு உடனே மருத்துவரைப் பார்க்க முடியாது என்பதற்கு மனத்தளவில் தயாராக இருங்கள். தண்ணீர், ஓய்வு, பாராசிட்டமால் என்றே முதலில் சொல்வார்கள். ஆன்டிபயாடிக் மருந்துகள் மருத்துவர் சீட்டில்லாமல் கிடைக்கா. உங்கள் குழந்தை மருத்துவர் எழுதித்தந்த வழக்கமான மருந்துகளைச் சீட்டுடன் கொண்டுபோங்கள்.

புல்வெளியில் விளையாடிய நாட்களில் உண்ணி இருக்கிறதா என்று முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம், தலைமுடியோரம் ஆகிய இடங்களில் இரவு குளிப்பாட்டும்போது கட்டாயம் பாருங்கள். ஸ்டாக்ஹோமை அடுத்த தீவுகளிலும், ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையே உள்ள ஓலாண்ட் தீவுகளிலும் மூளைக்காய்ச்சலைப் பரப்பும் உண்ணிகள் உண்டு. உண்ணியைப் பிடுங்குவதற்கான சிறு இடுக்கியை மருந்துக்கடைகளில் விற்கிறார்கள்.

கழிப்பறை, டயப்பர் மாற்றும் வசதி?

ரயில் நிலையக் கழிப்பறைகளில் கட்டணம் உண்டு, அதுவும் வங்கி அட்டையில்தான். நகர நூலகங்களில் இலவசம், சுத்தம், டயப்பர் மாற்றும் மேசையும் இருக்கும். பின்லாந்தில் வீடுகளிலும் விடுதிகளிலும் பல பொது இடங்களிலும் கழிப்பறையில் கழுவிக்கொள்ளக் கைத்தூவான் இருக்கும் என்பது நம்மவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

குழந்தைகளுக்கு உண்மையிலேயே பிடிக்கும் இடங்கள் எவை?

கோபன்ஹேகனில் 1843 முதல் இயங்கும் திவோலி பூங்காவுக்கு எல்லோரும் போகிறார்கள். நன்றாகவும் இருக்கிறது. ஆனால் நுழைவுக் கட்டணம் தனி, ராட்டினங்களுக்குத் தனி. என் குழந்தைகள் அதைவிட அதிக நேரம் செலவிட்டது ஃபெலட்பார்க்கன் பூங்காவில். நகரத்தின் கோபுரங்களைச் சிறிதாக்கி ஏறி விளையாடும்படி செய்த திடலும், சிறு சாலைகளும் போக்குவரத்துக் குறிகளுமாகக் குழந்தைகள் சைக்கிள் ஓட்டப் பழகும் திடலும் அங்கே உள்ளன, இரண்டுக்கும் கட்டணம் இல்லை. லெகோலாண்ட் கேளிக்கைப் பூங்காவுக்குப் போக விரும்புபவர்கள், அது கோபன்ஹேகனில் இல்லை, நாட்டின் மறுபக்கத்தில் பில்லுண்டில் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஒரே நாளில் போய்த் திரும்புவது குழந்தைக்குத் தண்டனை.

ஸ்டாக்ஹோமில் யூர்கோர்டன் தீவு ஒன்றே மூன்று நாளுக்குப் போதும். வாசா அருங்காட்சியகத்தில் 1628இல் முதல் பயணத்திலேயே, கரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்கூடப் போகாமல் மூழ்கி, 333 ஆண்டுகள் கழித்து 1961இல் வெளியே எடுக்கப்பட்ட போர்க்கப்பல் முழுதாக நிற்கிறது. பதினெட்டு வயது வரை கட்டணம் இல்லை. உள்ளே இருட்டாகவும் குளிராகவும் இருக்கும் என்பதால் சிறு குழந்தை பயப்படலாம், முன்பே கதையாகச் சொல்லி அழைத்துப் போங்கள். என் மகள் கேட்ட ஒரே கேள்வி, "இவ்வளவு பெரிய கப்பலைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு அது கவிழும் என்று தெரியாதா?" என்பதுதான். மேல்பகுதி கனமாகவும் அடிப்பகுதி குறுகலாகவும் அமைந்துவிட்டதை அங்குள்ள சிறு மாதிரிகளைக் காட்டி விளக்கியபின்தான் நகர்ந்தாள். அருகிலேயே 1891இல் தொடங்கிய ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய பண்ணை வீடுகளும் கரடிகளும் மூஸ் மான்களும் ஒரே குன்றில். முழு நாளை அதற்கு ஒதுக்குங்கள். யூனிபாக்கன் என்ற குழந்தைகள் அருங்காட்சியகத்தில், ஸ்வீடனின் சிறுவர் இலக்கிய எழுத்தாளர் அஸ்ட்ரிட் லிண்ட்கிரெனின் கதைகளுக்குள் ஒரு சிறு ரயில் ஊர்ந்து செல்கிறது. போவதற்கு முன் அவர் படைத்த சிறுமி பிப்பியின் கதையைக் குழந்தைக்குச் சொல்லியிருந்தால் அந்த இடத்தின் மதிப்பே வேறு.

ஹெல்சிங்கியில் 2018 டிசம்பரில் திறந்த ஊடி நூலகத்தின் மேல்தளத்தில் குழந்தைகள் பகுதி இருக்கிறது. மழை நாளுக்கு அதைவிடச் சிறந்த இடம் நான் கண்டதில்லை. 1950இல் திறந்த லின்னன்மாக்கி கேளிக்கைப் பூங்காவில் நுழைவுக் கட்டணம் கிடையாது, வருமானம் குழந்தைகள் நலப் பணிகளுக்குச் செல்கிறது. பின்லாந்தின் புகழ்பெற்ற சிறுவர் கதைகளான மூமின் கதைகளை விரும்பும் குழந்தைகள் டுர்க்கு அருகேயுள்ள நாந்தலி தீவுப் பூங்காவுக்குப் போகலாம், கோடையில் மட்டும்.

பொது இடத்தில் குழந்தை அடம்பிடித்தால் எப்படிச் சமாளிப்பது?

கை ஓங்கக் கூடாது. இதைத் தயக்கமின்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெற்றோரும் குழந்தையை அடிக்கக் கூடாது என்று 1979இல் சட்டம் இயற்றி, உலகிலேயே அதைச் செய்த முதல் நாடானது ஸ்வீடன். பின்லாந்து 1983இலும், நார்வே 1987இலும், டென்மார்க் 1997இலும் அதைப் பின்பற்றின. சுற்றுலா வந்தவர்களுக்கும் சட்டம் அதுவே. முதுகில் லேசாக ஒன்று வைப்பதைக்கூட அருகில் இருப்பவர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அழும் குழந்தையை யாரும் முறைப்பதில்லை. ஓரமாகத் தூக்கிச் சென்று பக்கத்தில் அமர்ந்திருந்தால் போதும். ஸ்டாக்ஹோம் மெட்ரோ நடைமேடையில் என் மகன் தரையில் புரண்டு அழுத பத்து நிமிடத்தில், ஒரு முதியவர் மட்டும் நின்று, "உங்கள் பையைப் பிடித்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார்.

வாடகைக் கார் எடுக்கலாமா?

நகரங்களில் வேண்டாம். கிராமப்புறத்துக்கு எடுப்பதானால், 135 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைகளுக்கு ஏற்ற இருக்கை நான்கு நாடுகளிலும் கட்டாயம். அதைக் காருடன் சேர்த்தே பதிவுசெய்யுங்கள். தடித்த குளிர்க்கோட்டைக் கழற்றிய பிறகே பெல்ட் போட வேண்டும்.

குளிர்காலத்தில் பின்லாந்தின் வடபகுதியான லாப்லாந்து போய் வடஒளியைப் பார்க்கலாமா?

இரவு வானில் நிறம்நிறமாகத் தோன்றும் வடஒளிக்காக மட்டும் சிறு குழந்தைகளுடன் போகாதீர்கள். வானம் தெளிவாக இருக்க வேண்டும், நள்ளிரவில் மைனஸ் இருபது டிகிரியில் காத்திருக்க வேண்டும், பிறகும் தெரியாமல் போகலாம். பனிக்காகப் போவதானால் டிசம்பரைவிட மார்ச் மாதம் சிறந்தது. டிசம்பரில் அங்குள்ள ரொவனியமி நகரத்தில் பகல் வெளிச்சம் இரண்டு மூன்று மணி நேரமே இருக்கும். மார்ச்சில் பனியும் இருக்கும், வெயிலும் இருக்கும். ஹெல்சிங்கியிலிருந்து இரவு ரயிலில் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம். ஆர்க்டிக் வட்டத்தில் உள்ள கிறிஸ்துமஸ் தாத்தாவின் கிராமத்தில் அவரைச் சந்திக்கக் கட்டணம் இல்லை, புகைப்படத்துக்கு உண்டு. பல்பொருள் கடையில் விற்கும் பிளாஸ்டிக் சறுக்குத்தட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்தால், ஏதாவது ஒரு மேட்டில் நாள் முழுவதும் ஓடிவிடும்.

ஒரு நாளை எதையும் பார்க்காமல் விட்டுவிடலாமா? காசு வீணாகாதா?

ஐந்து நாளுக்கு ஒரு நாளாவது அப்படி விடுங்கள். எங்களுக்கு அந்த நாள் ஹெல்சிங்கியில் அமைந்தது. அந்நகரத்தின் விளையாட்டுப் பூங்காக்களில் கோடை விடுமுறையின் வார நாட்களில், பதினாறு வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் மதியம் இலவசமாகச் சூடான உணவு கொடுக்கிறார்கள். 1942இல், போர்க்காலப் பஞ்சத்தில் தொடங்கி இன்றுவரை தொடரும் வழக்கம் இது. யார், எந்த நாடு என்ற கேள்வி இல்லை. கிண்ணமும் கரண்டியும் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். எங்களிடம் இருந்தது மகனுக்குச் சோறு பிசையும் எவர்சில்வர் கிண்ணம். பிளாஸ்டிக் டப்பாக்களின் வரிசையில் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மகள் தானே போய் நின்றாள். அகப்பையால் ஊற்றிய பெண்மணி சூப்பின் சூட்டில் கிண்ணம் சுடும் என்று சைகை காட்டி, ஒரு காகிதத் துண்டை மடித்து அடியில் வைத்துக் கொடுத்தார். காய்கறி சூப்தான், உப்பு குறைவு. இரண்டு பேரும் புல்லில் உட்கார்ந்து மிச்சம் வைக்காமல் குடித்தார்கள். மறுநாள் போவதாக இருந்த கோட்டைத் தீவைத் தள்ளிவைத்துவிட்டு, அதே நேரத்துக்கு அதே வரிசையில் போய் நின்றோம்.